கண் முகர்ந்த நெய்

எங்கள் கோவிலில் சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. கரண்டியில் இருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பது வீட்டில் எல்லாரும் செய்வதுதான். கோவிலில் அது எச்சில். அதனால் சமைக்கிறவன் உப்பை மூக்கால்தான் பார்க்க வேண்டும்.

உப்புக்கு ஏது வாசம் என்று நான் வேலை பார்க்கும் மில்லில் ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான், உப்புக்கு வாசம் கிடையாது. ஆனால் கொதிக்கிற சாம்பாரில் உப்பு விழுந்து கலந்ததும் பருப்பின் வாசம் மாறும். அதுவரை தரையோடு படுத்துக் கிடந்தது எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் கூடிவிட்டால் மூக்கின் உள்பக்கம் சுருங்கும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பானைக்கு முன்னால் பல வருடம் நின்றதில் வந்தது. ஆவியில் முகத்தைக் காட்டி மூச்சை இழுப்பேன். உள்ளே ஏதோ ஒன்று ‘போதும்’ என்று சொல்லும். உடனே உப்புக் கையைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கோவில் ஜாசின் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளை இடித்துப் பல வருடம் ஆகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியப் பூசைக்கு மஸ்ஜித் தானாவிலிருந்தும் சுங்கை ஊடாங்கிலிருந்தும் காரில் வருகிறார்கள். நூறு பேருக்குக் குறையாது. அவர்களுக்கு நான்தான் சமைத்தேன். வாரத்தில் ஆறு நாள் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை, ஏழாவது நாள் இங்கே.

எனக்கு ஆட்களோடு பேச வராது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்பதால் இல்லை, பள்ளியிலேயே நான் அப்படித்தான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பெண் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை, அவர்களும் திரும்பக் கூப்பிடவில்லை. கோவில் சமையல்கட்டில் மட்டும் யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள். விறகுப் புகைக்குள் நின்றுகொண்டு, கம்பித் தடுப்பு வழியாகப் பந்தியைப் பார்க்கலாம். சாப்பிட்டுப் போகிறவர்கள் தடுப்பருகே வந்து, “நல்லா இருந்துச்சுண்ணே” என்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். ஒரு வாரத்துக்கு எனக்கு அது போதும்.

கொரோனா வந்த வருடங்களில் எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தது. ஜாசினில் என் மூன்றாவது மாடி வீட்டுக்குள்ளேயே பத்து நாள் கிடந்தேன். கீழ்வீட்டு மலாய்க்காரப் பெண் கதவில் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போவாள். சோறும் குழம்பும் வாயில் எதுவாகவும் தெரியவில்லை. காய்ச்சல் வாய் என்று நினைத்துக்கொண்டேன்.

குணமாகி வேலைக்குப் போன முதல் நாள் மில்லை மூடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மில்லின் வாசம் இரண்டு மைல் தள்ளியே வந்துவிடும். வேக வைத்த பழக்குலை, எண்ணெய், சேறு எல்லாம் கலந்த வாடை. புதிதாக வருகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள். அன்று வளைவு திரும்பியும் ஒன்றும் இல்லை. காற்று தண்ணீர் மாதிரி வெறுமையாக இருந்தது. ஐயோ, வேலை போய்விட்டதா என்று வண்டியை நிறுத்திவிட்டேன். அப்போதுதான் மரங்களுக்கு மேலே புகைபோக்கியில் புகை தெரிந்தது. பழம் ஏற்றிய லோரி ஒன்று என்னைத் தாண்டி உள்ளே போனது. மில் இருந்த இடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் மூக்கு இல்லை.

கிளினிக்கில் ஒரு சின்ன வயது மலாய் டாக்டரம்மா பார்த்தார். மூக்கில் கோளாறு இல்லை என்றார். மூக்கு வெறும் வாசல்தானாம், வந்தது யார் என்று சொல்வது மூளைதானாம், நடுவில் இருக்கிற பாதை கெட்டிருக்கிறதாம். கிராம்பு, காப்பித்தூள், ஆரஞ்சுத் தோல் மூன்றையும் தனித்தனிப் போத்தலில் போட்டு, தினமும் காலையில் முகர்ந்து பார்க்கச் சொன்னார். எதை முகர்கிறோமோ அதை மனதில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். பலருக்குத் திரும்பி வந்திருக்கிறது, சிலருக்கு வராமலும் போகும் என்றார்.

நான் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்போது கோவிலும் மூடிக் கிடந்தது. திறப்பதற்குள் சரியாகிவிடும் என்று இருந்தேன். கேஸ் கசிந்தால் தெரியாது என்று வீட்டில் கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு மின்சார அடுப்பு வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டில் உப்பு, புளிப்பு, உறைப்பு, இனிப்பு இவ்வளவுதான் தெரிந்தது. கோழிக்கறியும் மீனும் ஒன்றுதான், ஒன்றில் முள் இருக்கும். என் சட்டை நாறுகிறதா என்று தெரியாததால் கடை வரிசையில் ஆட்களை விட்டுத் தள்ளி நிற்க ஆரம்பித்தேன்.

கோவில் திறந்த முதல் ஞாயிறு பயந்துகொண்டேதான் போனேன். விறகை மூட்டி, பருப்பை வேக வைத்து, புளியைக் கரைத்து ஊற்றி, பெருங்காயக் கட்டியை உடைத்துப் போட்டேன். வாசம் வந்தது.

பொய் சொல்லவில்லை. பெருங்காயம் கரைகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது மூக்கில் ஏறியது. கடுகு வெடித்தபோது கடுகு வாசம். கறிவேப்பிலை போட்டதும் அதன் வாசம். புகை கண்ணில் பட்டதால் அழுகிறேன் என்று பக்கத்தில் காய் நறுக்குகிற அக்கா நினைத்துக்கொண்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து கிராம்புப் போத்தலைத் திறந்தேன். கொஞ்சம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. சாமி தன் வீட்டில் மட்டும் எனக்கு மூக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது என்று நம்பினேன். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் அந்த நம்பிக்கையில்தான் சமைத்தேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர், இப்போது ஜாசினில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு விடிந்ததும் வந்து, பூசணியும் வெண்டையும் மலை மாதிரிக் குவித்து நறுக்குவார். வாய் ஓயாது. “நீ பேசுறதுக்கு இந்தப் பானை அதிகமா பேசும் தம்பி” என்று என்னைக் கிண்டல் செய்வார். நான் சிரிப்பேன், அவ்வளவுதான். அவர் வந்தால் எனக்கு யாரோடோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த மாதிரி இருக்கும்.

போன தை மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. பேரனுக்குப் பிறந்தநாள். அன்று சர்க்கரைப் பொங்கல் படையல். அரிசியும் பருப்பும் குழைந்து, வெல்லப்பாகை ஊற்றிக் கிளறிவிட்டேன். நெய் ஊற்ற வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டில் மஞ்சள் நெய் டின் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்ததும் வாசம் குப்பென்று வந்தது. நல்ல நெய் வாசம். சட்டியில் ஊற்றி முந்திரியைப் போட்டேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். நெய் சூடானால் ஓரத்தில் வெள்ளை நுரை கட்டும், சலசலவென்று ஒரு சத்தம் வரும், பிறகு அது அடங்கும். அன்று நுரையும் இல்லை, சத்தமும் இல்லை. நிறமும் கொஞ்சம் ஆழமாகத்தான் இருந்தது. என் கண்ணும் காதும் இது நெய் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டன. ஆனால் மூக்கு நெய் என்றது. முப்பது வருடம் மூக்கை நம்பியே சமைத்தவன் நான், அன்றும் மூக்குப் பக்கம்தான் நின்றேன். முந்திரி சிவந்ததும் அப்படியே பொங்கலில் கொட்டி, டின்னில் இருந்ததில் பாதியை மேலாகவும் ஊற்றிக் கிளறினேன்.

பூசை முடிந்தது. பந்தியும் முடியப்போகிற நேரத்தில் பூசாரி சமையல்கட்டுக்கு வந்தார். அவர் அதற்குள் பிரசாதம் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்.

“அண்ணே, விளக்குக்கு நல்லெண்ண ஊத்தி வெச்ச டின்ன மாடத்துக்குக் கீழ காணோம், இங்க பாத்தீங்களா?”

வேண்டுதலுக்கு வருகிறவர்கள் நல்லெண்ணெயைப் போத்தல் போத்தலாகக் கொடுப்பார்கள். அதைக் காலி நெய் டின்னில் சேர்த்து வைப்பது எங்கள் கோவிலில் பழக்கம். ஆனால் அந்த டின் எப்போதும் விளக்கு மாடத்துக்குக் கீழேதான் இருக்கும். அன்று கூட்டிப் பெருக்கியவர்கள் யாரோ அலமாரியில் வைத்துவிட்டார்கள். நான் மேடை மேல் இருந்த டின்னைப் பார்த்தேன். பூசாரியும் பார்த்தார். பிறகு பொங்கல் பானையைப் பார்த்தார்.

“சரிண்ணே, பரவால்ல. வேற வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நூறு பேர் சாப்பிட்டிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கலில் அவ்வளவு நல்லெண்ணெய் இருந்தால் முதல் வாயிலேயே தெரியும். மூக்கு இருக்கிற எவருக்கும் இலைக்கு முன்னால் உட்காரும்போதே தெரியும். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தடுப்பருகே ஒரு தாயும் மகளும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த ஒருவரை நிறுத்தி, பொங்கல் எப்படி இருந்தது என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒருவரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நல்லா இருந்துச்சுண்ணே. சாமி பிரசாதம்லா” என்றார் அவர்.

பிரசாதத்துக்குக் குறை சொல்லக் கூடாது. நானே அப்படி வளர்ந்தவன்தான். அது எவ்வளவு பெரிய சுவர் என்பது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் மூன்று போத்தல்களையும் மேசையில் வைத்தேன். அதுவரை ஒவ்வொரு நாளும் கண்ணைத் திறந்துகொண்டுதான் முகர்ந்தேன். டாக்டரம்மா நினைத்துக்கொண்டே முகரச் சொன்னார், நானும் கிராம்பைப் பார்த்துக் கிராம்பை நினைத்தேன், கொஞ்சமாகத் தெரியும். இந்த முறை ஒரு துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, போத்தல்களைக் கையால் கலைத்து மாற்றி வைத்து, ஒன்றைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அடுத்ததும் இல்லை. மூன்றாவதில் ஏதோ லேசாக வந்தது, கிராம்பு என்று முடிவு செய்தேன். துண்டை அவிழ்த்துப் பார்த்தால் என் கையில் இருந்த போத்தலுக்குள் ஒன்றுமே இல்லை. ஆரஞ்சுத் தோல் பூஞ்சை பிடித்ததால் முந்தின நாள் நானேதான் கொட்டிக் கழுவி வைத்திருந்தேன், அது மறந்துவிட்டது.

ஆக, கோவிலில் எனக்கு வந்த வாசம் எல்லாம் அப்படி வந்ததுதான். கண் பெருங்காயத்தைப் பார்த்தது, மூளை பழைய கிடங்கில் இருந்து பெருங்காய வாசத்தை எடுத்துக் கொடுத்தது. கண் மஞ்சள் டின்னைப் பார்த்தது, நெய் வந்தது. என் முன்னால் இருந்த பானையில் நடப்பது எனக்குத் தெரியவே இல்லை. நான் முகர்ந்தது எல்லாம் காய்ச்சலுக்கு முன்னால் சமைத்த பழைய பானைகளை. அப்படியானால் இத்தனை நாள் போட்ட உப்பு? கை பழக்கத்தில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘போதும்’ என்று உள்ளே கேட்ட குரலும் பழைய குரல்தான்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அன்று வேலையில் நிற்கும்போது வந்தது. நல்லெண்ணெய்ப் பொங்கலுக்கும் ‘நல்லா இருந்துச்சு’ என்கிறார்கள் என்றால், மூக்கு நன்றாக இருந்த காலத்தில் அவர்கள் சொன்ன ‘நல்லா இருந்துச்சு’வும் இதுதானா? எனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று என்று இருந்தேன். அது உண்மையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

சொல்லிவிட்டு விலகியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அந்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.

அன்று அக்கா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு போட்டாகிவிட்டது. ஆவியில் முகத்தைக் காட்டினேன், வாசமும் வந்தது, உள்ளே ‘போதும்’ என்றும் கேட்டது. நான் அதை நம்பவில்லை. கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து, கதவுக்குப் பின்னால் திரும்பி நின்று நாக்கில் வைத்தேன். நாக்குக்கு உப்பு தெரியும், அதற்கு மூக்கு தேவையில்லை. உப்பு பாதிகூட இல்லை. கரண்டியை மூன்று முறை கழுவினேன். பானையில் இரண்டு கைப்பிடி போட்டேன். பிறகு அந்தச் சாம்பார் சாமிக்குப் போனது.

கோவில் திறந்ததிலிருந்து பந்தி முடிந்ததும் நான் சாப்பிடாமலே கிளம்பிவிடுவேன், அன்று அக்கா விடவில்லை, நாங்கள் இருவரும் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

“தம்பி, இன்னைக்குத்தான் ஒன் சாம்பாருக்கு உப்பு சரியா விழுந்திருக்கு” என்றார். சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். இலையைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

“எத்தன நாளா அக்கா சரியில்ல?”

“நான் ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன், விடு.”

“சொல்லுங்கக்கா.”

“கோவில் தொறந்ததுலேருந்தே” என்றார். “ஒரு நாளு சப்புன்னு இருக்கும், ஒரு நாளு கடல் தண்ணியா இருக்கும். முன்ன அப்படி இல்லப்பா. முன்னெல்லாம் ஒன் சாம்பாருக்குன்னே சுங்கை ஊடாங்லேருந்து வருவாங்க. என் மருமவன் சாமி கும்பிட வர்ற ஆளா? சாம்பாருக்கு வந்தவன்.”

நான் சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. முன்னே நன்றாக இருந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மில், டின், கண்ணைக் கட்டிப் பார்த்தது, கடைசியில் கரண்டியை நாக்கில் வைத்தது. அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அக்கா கரண்டி விஷயத்தைக் கேட்டதும் இலையை மடித்துவிட்டார். எழுந்து போய் அந்தக் கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

“நாக்கு விஷயத்த நீயே சாமிகிட்ட சொல்லிக்க, அது ஒனக்கும் அதுக்கும். மூக்கு விஷயத்த தலைவர்கிட்ட சொல்லு, அது எங்களுக்கு.”

சாமியிடம் அன்றே போய் நின்றேன். திரை போட்டிருந்தது. திரைக்கு முன்னால் நின்று மனதுக்குள் சொன்னேன். கற்பூர வாசம் வந்தது. அது வெளியில் இருந்து வந்ததா, என் கிடங்கில் இருந்து வந்ததா என்று தெரியாததால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோவில் தலைவர் என்னைவிட இளையவர், மஸ்ஜித் தானாவில் டயர் கடை வைத்திருக்கிறார். காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நானாகப் போய் நின்றதே அவருக்கு ஆச்சரியம். இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன்.

“மூக்கு போயிருச்சா? எப்பண்ணே?”

“நாலு வருசம் ஆகப்போவுது.”

அவர் காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டார். “என் பொண்டாட்டிக்கு மூக்கெல்லாம் ஜோராத்தான் இருக்கு. அவ வைக்கிற ரசத்த நீங்க குடிச்சுப் பாக்கணும்லா” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பொங்கலை நினைத்திருப்பார் போல, “ஏண்ணே அப்பவே சொல்லல?” என்று கேட்டார்.

அவர்களும்தான் சொல்லவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அங்கே நிற்கும்போது தோன்றவில்லை.

என்னை விலக்கவில்லை. நான் கிண்டட்டும், வாசத்தை அக்கா பார்க்கட்டும் என்று தலைவர் முடிவு செய்தார். அக்காவுக்குத் தோள் போய்விட்டது, பெரிய பானையைக் கிண்ட முடியாது. எனக்கு மூக்கு போய்விட்டது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு சமையல்காரர் என்று பூசாரி சொன்னாராம்.

அடுத்த ஞாயிறு பருப்பு கொதித்ததும் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஆவிக்கு நேராகக் குனிந்தார். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. “பருப்பு எந்திரிச்சு உக்காந்துருச்சா?” என்று கேட்டேன். என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். முப்பது வருடமாக எனக்குள் இருந்த அளவை அவரிடம் எடுத்துக் கொடுக்க என்னிடம் வேறு வார்த்தை இல்லை. அவருக்கும் அவர் முகர்வதைச் சொல்ல வார்த்தை இல்லை. இன்னும் கொஞ்சம் என்பதுபோல விரலைக் காட்டினார், போட்டேன். திரும்ப விரலைக் காட்டினார், போட்டேன். மறுபடியும் குனிந்து மூச்சை இழுத்தார்.

“போதும்” என்றார்.

அந்தச் சொல் வெளியில் இருந்து வந்து நான் கேட்டது அன்றுதான். நான் கையைத் தட்டிவிட்டு, கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினேன். எனக்கு அப்போதும் சாம்பார் வாசம் வந்துகொண்டுதான் இருந்தது.